அப்பாவின் அம்பாசிடருக்கு வேறு எஞ்சின் போடலாமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் மில் ஒன்றில் கணக்கு வேலை பார்க்கிறார். அவருடைய அப்பா 1983-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 கார் வீட்டில் இருக்கிறது. அதன் முதல் பதிவு 1974-இல் மதுரையில் நடந்தது. அப்பா 2021-இல் இறந்துவிட்டார், உயில் எழுதவில்லை. வீட்டில் அம்மா இருக்கிறார். திருப்பூரில் தங்கை இருக்கிறார். ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அதன் காலமும் 2024 மார்ச்சில் முடிந்துவிட்டது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மட்டும் அப்பா பெயரிலேயே ஆண்டுதோறும் ஆன்லைனில் கட்டி வருகிறார்.

வண்டி வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது பாதி வழியில் கொதித்து நின்றுவிடுகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், 1996-ஆம் வருட அம்பாசிடர் ஒன்றைப் பிரித்ததில் கிடைத்த இசுசு 1800 பெட்ரோல் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மொத்தம் 1,60,000 ரூபாய். அதில் 40,000 முன்பணமாகக் கொடுத்தாகிவிட்டது. பழைய எஞ்சினை இறக்கி ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பலகைமேல் வைத்திருக்கிறார்கள். அதை 12,000 ரூபாய்க்குத் தானே எடுத்துக்கொண்டு கணக்கில் கழித்துவிடுவதாக மெக்கானிக் சொல்கிறார். எஞ்சின் எண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, “அதைப் பற்றிக் கவலைப்படாதீங்க சார், பழைய நம்பரையே புது எஞ்சினில் தட்டிக் கொடுத்துடறேன், யாருக்கும் தெரியாது” என்றாராம்.

வாசகரின் கேள்விகள் மூன்று. “என் பெரியப்பா 1991-இல் தன் அம்பாசிடருக்கு மட்டாடர் டீசல் எஞ்சின் போட்டு ஆர்.சி.யிலும் ஏற்றிக்கொண்டார். நான் மட்டும் செய்யக் கூடாதா? மாட்டிக்கொண்டால் அபராதம் கட்டினால் போதும்தானே? அப்பா வண்டியை மாற்றக் கூடாது என்று தங்கை அடம்பிடிக்கிறாள், அவளுக்கு அதில் உரிமை உண்டா?”

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு காரியம் சொல்கிறேன். இதைப் படித்து முடித்ததும் அதைச் செய்யுங்கள். ஒர்க்‌ஷாப்பில் பலகைமேல் இருக்கும் அந்தப் பழைய எஞ்சினை ஒரு மினி வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். அந்த 12,000 ரூபாய் வேண்டவே வேண்டாம். இசுசு எஞ்சின் போடுவதா வேண்டாமா என்பதை ஒரு மாதம் கழித்துக்கூட முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஆர்.சி.யில் எண் ஏறியிருக்கும் அந்த எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. உங்கள் முன்னால் இருக்கும் நல்ல வழிகள் எல்லாமே அந்த எஞ்சின் கையில் இருப்பதைப் பொறுத்தவை.

கொண்டு வந்ததும் பிளாக்கில் இருக்கும் எண்ணைத் துடைத்துப் பார்த்து ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். உங்கள் அப்பா இந்த வண்டியின் முதல் உரிமையாளர் இல்லை. 1974-க்கும் 1983-க்கும் இடையில் யாராவது எஞ்சினை மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எண் பொருந்தவில்லை என்றால் அதற்கு வேறு வகையில் போக வேண்டும். பொருந்துகிறது என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

வண்டி முதலில் யாருடையது?

தங்கையைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி அதுதான் முதல் கேள்வி. உயில் இல்லாமல் அப்பா இறந்திருக்கிறார், அப்பாவின் அம்மாவும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்து உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் தங்கைக்கும் சம பங்கு. கார் அசையும் சொத்து என்பதால் அதற்கு விலக்கு ஏதும் இல்லை. ஆக வண்டியில் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, தங்கைக்கும் அதே அளவு. திருமணமாகி வேறு ஊருக்குப் போனதால் அவருடைய பங்கு குறைந்துவிடாது.

எனவே “அவளுக்கு உரிமை உண்டா?” என்ற கேள்விக்கு, உங்களுக்கு இருக்கும் அதே அளவு உண்டு என்பதே பதில். அவர் அடம்பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டுச் சொத்தின் அடிப்படையையே மாற்றும் ஒரு வேலைக்குப் பங்காளி ஒருவர் சம்மதம் தரவில்லை என்பதே சரியான விவரிப்பு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கிலும் நீங்கள் இன்னும் உரிமையாளர் ஆகவில்லை. பதிவு உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்திருந்தால் மூன்று மாதம் வரை வண்டியை அவர் பெயரிலேயே வாரிசு ஓட்டலாம். அதற்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் காலக்கெடு எல்லாம் உங்களுக்கு எப்போதோ தாண்டிவிட்டது. பயப்பட வேண்டாம், தாமதமாக வருபவர்களையும் அலுவலகம் ஏற்றுக்கொள்ளும், அதற்கான கட்டணம் மட்டும் சேரும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் கையெழுத்திட்ட ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், இவை வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக எப்படியும் நீங்கள் திருப்பூர் போயாக வேண்டும்.

அதோடு, உயிரோடு இல்லாத ஒருவர் பெயரில் பாலிசி ஓடிக்கொண்டிருக்கிறது. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். பெயர் மாற்றம் முடிந்த கையோடு பாலிசியையும் மாற்றிவிடுங்கள்.

பெரியப்பா செய்தது வேறு காலம்

பெரியப்பா 1991-இல் டீசல் எஞ்சின் போட்டு ஆர்.சி.யில் ஏற்றியது உண்மையாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் நம் ஊரில் பெட்ரோல் அம்பாசிடரை டீசலுக்கு மாற்றுவது சாதாரணமாக நடந்த வேலை. டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற வண்டிகளில் பலவும் அப்படி மாறியவைதான். அன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் வாங்கினால் மாற்றம் செய்யலாம் என்று 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அப்போது இருந்தது.

அந்தப் பிரிவை 2000-ஆம் ஆண்டில் திருத்தினார்கள். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகிவிடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்பதே இப்போதைய சட்டம். பழைய சட்டத்தில் அனுமதி பொதுவாகக் கிடைக்கக் கூடியது. புதிய சட்டத்தில் தடைதான் பொது விதி, அனுமதி விதிவிலக்கு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக மாற்றலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

உங்கள் மெக்கானிக் ஒரு வாதம் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்: “இசுசு எஞ்சினும் இந்துஸ்தான் மோட்டார்ஸ் போட்டதுதானே, அதுவும் அம்பாசிடர்தானே?” இதில் கொஞ்சம் நியாயம் இருப்பது போலத் தோன்றும். 1990-களில் அதே கம்பெனி அதே உடம்பில் இசுசு எஞ்சினைப் பொருத்தி விற்றது உண்மை. ஆனால் சட்டம் பார்ப்பது வண்டியின் வெளித்தோற்றத்தை அல்ல, உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களை. 1974-இல் உங்கள் வண்டி 1489 சி.சி. எஞ்சினோடும் நான்கு கியரோடும் வந்தது. இசுசு 1817 சி.சி., ஐந்து கியர். எஞ்சினை மாற்றுவது பற்றி 52-ஆவது பிரிவு பேசும் இடத்தில் “அதே தயாரிப்பு, அதே வகை” என்ற சொற்கள் வருகின்றன. ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு பானட்டைத் திறந்தால் இதை அதே வகை என்று எழுதிக் கொடுப்பது கடினம்.

எரிபொருளை மாற்றுவதற்கு மட்டும் சட்டம் தனி வழி விட்டிருக்கிறது. எரிவாயு, மின்சாரம் போன்றவற்றுக்கு, பரிசோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற கிட் இருந்தால் விதிகளுக்கு உட்பட்டுப் பொருத்தலாம். உங்கள் கேள்வி அதுவல்ல என்பதால் இதோடு விடுகிறேன்.

அந்த எண்ணைத் தட்டும் யோசனை

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்த வரி இதுதான். மெக்கானிக் ஏதோ உதவி செய்வது போல இதைச் சொல்லியிருக்கிறார். நீங்களும் செலவில்லாத தீர்வு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள்.

அனுமதியில்லாமல் எஞ்சின் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டக் குற்றம். 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். “அபராதம் கட்டினால் போதும்தானே” என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பிரிவிலேயே சிறைத் தண்டனையும் இருக்கிறது என்பதைப் பாருங்கள். பதிவை நிறுத்தி வைக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அபராதம் கட்டிய பிறகும் வண்டியில் இருப்பது அதே எஞ்சின்தான், ஆகவே அடுத்த சோதனையில் மறுபடி மாட்டும்.

எண்ணை அழித்து வேறு எண் தட்டினால் விஷயம் போக்குவரத்து அலுவலகத்தைத் தாண்டிக் காவல் நிலையத்துக்குப் போய்விடும். திருட்டு வண்டியை மறைப்பவர்கள் செய்யும் முதல் வேலையே அதுதான் என்பதால் போலீஸ் அதை அப்படித்தான் பார்க்கும். ஏமாற்று, போலி ஆவணம் என்ற குற்றச்சாட்டுகள் வரும். அந்த இசுசு எஞ்சின் வந்த வழி சரியில்லை என்றால் திருட்டுப் பொருளை வைத்திருந்ததாகவும் வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. அது திருட்டுப் பொருள் என்று உங்களுக்குத் தெரியாது என்பது நல்ல எதிர்வாதம்தான். ஆனால் அழித்துத் தட்டிய எண்ணை வைத்துக்கொண்டு அந்த வாதத்தை யாரிடம் சொல்வீர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர் பழைய கார் ஒன்றை நம்பிக்கையில் வாங்கியிருந்தார். பதிவைப் புதுப்பிக்கக் கொண்டு போனபோது நானும் உடன் இருந்தேன். ஆய்வாளர் எஞ்சின் எண்மீது ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். எண்கள் தாளில் வெள்ளையாக எழுந்து வந்தன. எல்லா எண்ணும் ஒரே வரிசையில் நிற்க, ஒரு 3 மட்டும் சற்றுக் கீழே இறங்கி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. சுற்றிலும் முடி போல மெல்லிய கோடுகள் இருந்தன. கிரைண்டர் பிடித்த தடம் அது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு “வண்டி இங்கேயே நிக்கட்டும்” என்றார். அந்த வண்டி பதினான்கு மாதம் காவல் நிலைய வளாகத்தில் ஒரு புங்க மரத்தடியில் நின்றது. என் கட்சிக்காரர் குற்றமற்றவர் என்று கடைசியில் நிரூபித்தோம். வண்டியை எடுக்கப் போனபோது தரைத் தகடு துருப்பிடித்து, கதவைத் திறந்தால் கீழே உதிர்ந்தது.

அவராவது தெரியாமல் வாங்கியவர். நீங்கள் தெரிந்தே செய்யப் போகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மெக்கானிக்கிடம் இன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

விபத்து நடந்தால்

உங்களிடம் இருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்பதால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு எப்படியும் பணம் வராது. கவலைப்பட வேண்டியது எதிரில் அடிபட்டவருக்கு வரும் இழப்பீட்டைப் பற்றித்தான். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் பாதிக்கப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்பப் பார்க்காது. ஆனால் பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்றோ முக்கியமான உண்மை மறைக்கப்பட்டது என்றோ நிறுவனம் காட்டிவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வரக்கூடும். உயிரிழப்பு வழக்குகளில் அந்தத் தொகை பல லட்சமாக இருக்கும். வீட்டை ஜப்தி செய்யும் அளவுக்குப் போன வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஐம்பது குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சினுக்காக வைத்த பிரேக் அது. இசுசு 75 குதிரைத்திறன். கொடைக்கானல் ஏறுவதை மட்டும் யோசித்திருக்கிறீர்கள், அதே பாதையில் இறங்கவும் வேண்டும். மவுன்டிங்கை வெட்டி ஒட்டி, கியர் பெட்டிக்காகத் தரையை அறுத்து, ஜாயின்ட் ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்றி, பிரேக்கை மட்டும் அப்படியே விட்ட வண்டியில் உங்கள் பிள்ளைகளை உட்கார வைக்கப் போகிறீர்கள்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன

*பழைய எஞ்சினையே சரிசெய்வது.* என் முதல் ஆலோசனை இதுதான். மலையில் கொதிப்பதற்கு எஞ்சின் சிறியது என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. இதே 1489 சி.சி. எஞ்சினோடு எத்தனையோ டாக்ஸிகள் பல ஆண்டுகள் கொடைக்கானல் ஏறி இறங்கியிருக்கின்றன. பழைய கார்களில் அனுபவம் உள்ள ஒருவரிடம் என் பொருட்டு விசாரித்தேன். ரேடியேட்டர் கோர் அடைத்திருப்பது, பிளாக்கின் நீர்வழியில் துருவும் சேறும் படிந்திருப்பது, ஹெட் வளைந்து கேஸ்கட் விடுவது, இவற்றை முதலில் பார்க்கச் சொன்னார். எஞ்சின் இறங்கியிருக்கும் இந்த நேரமே அதற்குச் சரியான நேரம். போர் போட்டு, புது பிஸ்டன், ரிங் செட் மாற்றி, கிராங்க் கிரைண்டிங் செய்து, ஹெட் ஃபேசிங் செய்து ஏற்றுவதற்கு நல்ல லேத் பட்டறை ஒன்றில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அம்பாசிடர் 2014 வரை தயாரான வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கு மற்ற பழைய கார்க்காரர்கள் படும் பாடு உங்களுக்கு இருக்காது. இதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், ஏனென்றால் எஞ்சின் அதேதான், எண்ணும் அதேதான். பில்களையும் வேலை நடக்கும்போது எடுத்த படங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவை ஏன் தேவைப்படும் என்று கீழே சொல்கிறேன்.

*அதே வகை எஞ்சின்.* பிளாக்கில் விரிசல் விட்டு, அது இனித் தேறாது என்று பட்டறையில் சொல்லிவிட்டால், இன்னொரு அம்பாசிடரின் அதே 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைத் தேடுங்கள். இதைப் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு செய்யலாம். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்ப் பதிவு செய்து புதிய எண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும். புதுப்பேட்டையில் வாங்கினாலும் உக்கடத்தில் வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். அந்த எஞ்சின் எந்த வண்டியில் இருந்ததோ அதன் ஆர்.சி. நகலைக் கேளுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில், அந்த எஞ்சின் எண் திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை அது. பழைய பிளாக்கைத் தூக்கிப் போடாமல் வீட்டிலேயே ஒரு மூலையில் வையுங்கள்.

*இசுசுதான் வேண்டும் என்றால்.* பொருத்துவதற்கு முன்னால் விண்ணப்பம் கொடுங்கள். எஞ்சினின் பில், விவரங்கள் எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் அனுமதி கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். “வாய்மொழியா சரின்னு சொல்லிட்டாங்க” என்று எந்தத் தரகர் சொன்னாலும் நம்பாதீர்கள். மறுத்தால் 57-ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் உயர் நீதிமன்றமும் இருக்கிறது. வெற்றி பெறும் வாய்ப்பு குறைவு என்றே நான் நினைக்கிறேன். என் தொழிலுக்கு நல்லது என்பதற்காக உங்களை அந்த வழியில் இழுத்துவிட எனக்கு மனமில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி

பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டியை எப்படியும் ஒருநாள் உடைக்கத்தான் சொல்வார்கள், அதற்குள் அனுபவித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். அது தவறான எண்ணம். பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு என்று நீங்கள் செய்தியில் படித்த தடை டெல்லி வட்டாரத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரை, தகுதியோடு இருக்கும் வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். கட்டணம் கூடியிருக்கிறது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் சேரும் என்பது 2022 முதல் நடப்பில் இருக்கும் விதி. எனவே தள்ளிப்போடாதீர்கள். புதுப்பிக்கும் வரை வண்டியைச் சாலையில் எடுக்கவும் வேண்டாம். உயிர்ப்பில்லாத பதிவோடு ஓட்டுவது தனிக் குற்றம், முதல் முறைக்கே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவைச் சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். உங்கள் வண்டி 1974-இல் பதிவானது என்பதால் 2024-லேயே அந்த வயதை எட்டிவிட்டது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்பா காலத்து மூன்றெழுத்து நம்பர் பலகை அப்படியே இருக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இசுசு எஞ்சினை ஏற்றும் அன்றைக்கே இந்தத் தகுதி போய்விடும். அதே எஞ்சினை அதே வகைப் பாகங்களோடு சரிசெய்வது இதில் மாற்றம் ஆகாது என்பது என் கருத்து. அதைக் காட்டத்தான் பில்களும் படங்களும்.

வின்டேஜ் பதிவை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அதை எடுத்தால் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போடவும் பராமரிக்கவும் போய்வருவது, இவற்றுக்குத்தான் அனுமதி. வருடத்துக்கு நான்கு முறை குடும்பத்தோடு மலைக்குப் போக வேண்டும் என்பது உங்கள் ஆசை. அப்படியானால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே பொருத்தம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு வின்டேஜுக்குப் போகலாம். அசல் எஞ்சின் இருக்கும் வரை அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

கொடுத்த 40,000

மெக்கானிக்கோடு சண்டைக்குப் போக வேண்டாம். “இசுசு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், இந்த முன்பணத்தைப் பழைய எஞ்சின் வேலைக்கு வரவு வைத்துக்கொள்ளுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். எழுத்தில் இருப்பது முக்கியம். அவர் எஞ்சினை இறக்கிய கூலியைக் கழித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது, அதைக் கொடுத்துவிடுங்கள். மீதியைத் தர மறுத்தால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சட்டம் அனுமதிக்காத ஒரு வேலைக்கு வாங்கிய பணம் என்பதால், அதை வைத்துக்கொள்ள அவருக்கு வலுவான வாதம் கிடையாது. பெரும்பாலும் அதுவரை போகாது. பழைய வண்டி வேலை தெரிந்த கைகள் இப்போது குறைவு, முடிந்தால் இவரையே பழைய எஞ்சினைச் செய்ய வையுங்கள்.

வேலை முடிந்து அதே எஞ்சின் ஏறியபின் பெயர் மாற்றத்துக்கும் புதுப்பித்தலுக்கும் விண்ணப்பியுங்கள். பதிவு செல்லாத நிலையில் ஓட்டிக்கொண்டு போகாமல், ஆய்வுக்கு எப்படிக் கொண்டு வருவது என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வாளர் தாள் வைத்துத் தேய்க்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நிம்மதியாக நிற்கலாம்.

வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்வாருங்கள். ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தில், வண்டியின் அசல் எஞ்சினை மாற்ற மாட்டேன் என்று ஒரு வரியை நீங்களாகவே சேர்த்து எழுதிக் கொண்டு போங்கள். அந்த வரியைப் படித்தால் உங்கள் தங்கை கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார் என்று நினைக்கிறேன்.